அழுகிற தாயின் முகம் யாருடைய சொத்து?



எங்காவது ஒரு சாதி வன்கொடுமை நடந்த மறுநாள், யூடியூபைத் திறந்து அந்த ஊரின் பெயரைத் தட்டிப் பாருங்கள். வரிசையாக வந்து நிற்கும் தம்ப்நெயில்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். இடது பக்கம் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற ஒரு தாய். வலது பக்கம் வாயைப் பிளந்து நிற்கும் தொகுப்பாளர். நடுவில் ஒரு சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி. கீழே மஞ்சள் எழுத்தில் "பதறவைக்கும் காட்சி" அல்லது "பின்னணி என்ன?". ஊரின் பெயரை மட்டும் மாற்றினால் அதே படம் அடுத்த கொலைக்கும் பொருந்தும்.

இதைப் போடுகிறவர்கள் பெரிய சேனல்கள் மட்டும் அல்ல. வன்கொடுமை நடந்த ஊருக்குத் தூக்கம் விழித்துப் பேருந்தில் போய், உண்மையறியும் குழுவோடு நின்று, செல்போனில் வீடியோ எடுத்து வருகிற நம் மாணவத் தோழர்களும் கடைசியில் இதே அச்சில்தான் முகப்புப் படம் செய்கிறார்கள். கேட்டால், "அப்படிப் போட்டால்தானே அண்ணா உள்ளே வந்து பார்க்கிறார்கள்" என்கிறார்கள். நியாயமான கவலைதான். எவரும் பார்க்காத வீடியோவால் யாருக்கு லாபம்?

எனவே நாம் பேச வேண்டியதை நேரடியாகப் பேசிவிடுவோம். தம்ப்நெயில் கண்ணைப் பறிக்க வேண்டும். அதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதில்தான் தகராறு. பாதிக்கப்பட்டவரின் உடலையும் அழுகையையும் அந்த விலையாக வைக்க நமக்கு உரிமை இல்லை. முகப்பில் நிற்க வேண்டியது நம் கோரிக்கை.

அந்தப் படத்தை எடுத்தது யார்?

2016 ஜூலை 11. குஜராத்தில் உனாவுக்கு அருகில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அந்த வீடியோவை எடுத்ததும் பரப்பியதும் அடித்தவர்களே. "பாருங்கள், இவர்களுக்கு இதுதான் கதி" என்று ஊருக்குக் காட்டத்தான் எடுத்தார்கள். கேமரா நின்ற இடமே அடித்தவன் நின்ற இடம். அந்த வீடியோவிலிருந்து ஒரு காட்சியை நிறுத்தி, வட்டம் போட்டு, நம் தம்ப்நெயிலாக வைக்கும்போது, அடித்தவன் ஊருக்குக் காட்ட நினைத்ததை அவன் நின்ற இடத்திலிருந்தே நாமும் காட்டுகிறோம்.

அந்த வீடியோ வெளியே வந்ததால்தானே நாடே கொதித்தது என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. அதனால்தான் அந்த வீடியோவை ஆதாரமாகக் காக்க வேண்டும், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் குஜராத் தலித்துகள் அதற்குக் கொடுத்த பதிலையும் நினைவில் வையுங்கள். செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஆட்சியர் அலுவலக வாசலில் போட்டார்கள். மாட்டின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தைக் கொடுங்கள் என்று முழங்கினார்கள். அந்த ஊர்வலத்தின் படத்திலும் அதிர்ச்சி இருக்கிறது. ஆனால் அதில் நம் மக்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அரசு நிற்கிறது. இரண்டில் எதை முகப்பில் வைப்பது என்பது அழகியல் பிரச்சினை மட்டும் அல்ல, அரசியல் முடிவு.

அதே ஆண்டு மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டபோது கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியும் இப்படித்தான் ஆனது. விசாரணைக்கு உதவ வேண்டிய பதிவு, தொலைக்காட்சியில் நாள் முழுக்க ஓடியது. அதைப் பார்த்துப் பயந்தவர்கள் யார்? சாதி மறுத்துத் திருமணம் செய்ய நினைத்த பிள்ளைகள்தான். ஆணவக்கொலை செய்கிறவன் ஊருக்குச் சொல்ல விரும்பும் செய்தியை அவன் செலவில்லாமல் நாமே வீடு வீடாகக் கொண்டு சேர்க்கக் கூடாது.

மேமி டில் எடுத்த முடிவு

"அப்படியானால் எம்மெட் டில்லின் படம்?" என்று படித்த தோழர்கள் கேட்பார்கள். 1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் கடத்திக் கொல்லப்பட்டான். முகம் அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்தது. சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்கில் சவப்பெட்டியை மூடக் கூடாது, உலகம் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தவர் அவன் தாய் மேமி டில். கறுப்பின மக்களின் 'ஜெட்' இதழ் அந்தப் படத்தை வெளியிட்டது. அமெரிக்கக் குடியுரிமைப் போராட்டத்தில் அது ஒரு திருப்பம்.

அங்கே முடிவெடுத்தவர் தாய். வெளியிட்டது அவர் சொந்த மக்களின் இதழ். இந்த இரண்டும் இல்லாமல், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு எடிட்டர் இரவு 11 மணிக்கு அழுகிற காட்சியை நிறுத்தி வெட்டி எடுப்பதை மேமி டில்லோடு ஒப்பிட முடியாது. நம் ஊரில் ஒரு தாய் அப்படி முடிவெடுத்தால் நாம் அவருக்குப் பின்னால் நிற்போம். அவருக்கு முன்னால் ஓடிப்போய் அந்த முடிவை நாம் எடுத்துவிடக் கூடாது.

ஹாத்ரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 29 அன்று உயிரிழந்த அந்த இளம்பெண்ணின் உடலை, குடும்பத்தார் அருகில் இல்லாமல் நள்ளிரவு தாண்டிக் காவல்துறை எரித்தது. தூரத்தில் நின்ற செய்தியாளர்கள் எடுத்தது இருட்டில் எரியும் ஒரு சிதையையும் அதைச் சுற்றி நின்ற காக்கிச் சட்டைகளையும்தான். அதில் பெண்ணின் முகம் இல்லை. ஆனால் அரசு என்ன செய்தது என்பது முழுவதும் இருந்தது.

சட்டம் சொல்வது

மானம், மரியாதை என்பதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கு நம் மேலேயே திரும்பினால் நட்டம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத்தான்.

பாலியல் வல்லுறவுக்கு ஆளானவரின் பெயரையோ, அவர் யார் என்று தெரியவைக்கும் எதையுமோ வெளியிடுவது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும், உறவினர் அனுமதித்தாலும்கூட நாமாக அடையாளத்தை வெளியிட முடியாது, தேவை இருந்தால் செஷன்ஸ் நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும். நீதி கேட்கும் போஸ்டர் என்றாலும் இதே விதிதான்.

குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. பெயர், படம் மட்டுமல்ல, முகவரி, பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் எதுவும் அடையாளம் காட்டக் கூடாது. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு அம்மாவின் முகத்தையும் பள்ளியின் பெயர்ப் பலகையையும் தெளிவாகக் காட்டினால், அந்த மங்கலால் பயன் இல்லை. கதுவா சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்கள் ஒவ்வொன்றும் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வளவு பணம் நம் சேனல்களிடம் கிடையாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பெரிதாகப் போட்டு "இவன்தான் கொலைகாரன்" என்று எழுதுவது கோபத்துக்கு வடிகால். ஆனால் அடையாள அணிவகுப்புக்கு முன்பே படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டால், "சாட்சி படத்தைப் பார்த்துத்தான் அடையாளம் காட்டினார்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். நீதிமன்றங்கள் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டதும் உண்டு. தண்டனை வாங்கித் தர வேண்டும் என்றால் அந்த முகத்தைக் கொஞ்ச நாள் விட்டுவைக்க வேண்டும்.

நான்கு சொல்லில் ஒரு அரசியல்

தம்ப்நெயிலில் படத்தைவிட ஆபத்தானவை அதிலுள்ள சொற்கள். சேரிக்குள் புகுந்து வீடுகளை எரித்தால் "இருதரப்பு மோதல்" என்று எழுதுகிறார்கள். அது மோதல் இல்லை, தாக்குதல். பிள்ளையை வெட்டிக் கொன்றால் "காதல் விவகாரம்". அது ஆணவக்கொலை. "உண்மையில் நடந்தது என்ன?" என்ற கேள்விக்குறி பாவம் போலத் தெரியும்; ஆனால் அது செத்தவரின் நடத்தை மேல்தான் போய் விழுகிறது.

நம் முன்னோர்கள் தலைப்பின் வலிமையை அறிந்தவர்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அதையே தலைப்பில் நிறுத்தினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்றார். விலையும் உரிமைக்குரலும் தலைப்பிலேயே இருந்தன. அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' என்றார், 1927இல் 'பஹிஷ்கிருத் பாரத்' என்றார்: ஊமைகளின் தலைவன், ஒதுக்கப்பட்ட இந்தியா. கடையில் தொங்கும் பத்திரிகையை எட்டத்திலிருந்து பார்க்கிறவனுக்குக்கூட இது யார் குரல், என்ன கேட்கிறது என்பது புரிந்துவிடும். அந்தக் காலத்துத் தம்ப்நெயில் அதுதான். அதில் அழுகை இல்லை.

எப்படிச் செய்வது?

இனி வேலைக்கு வருவோம்.

முதலில், பொருளைத் தேடுங்கள். வன்கொடுமைக்கு எப்போதும் ஒரு பொருள் சாட்சியாக இருக்கும். வேங்கைவயல் என்றதும் எல்லோர் கண்ணிலும் நிற்பது ஒரு மேல்நிலை நீர்த்தொட்டி. உத்தபுரம் என்றால் ஒரு சுவர். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் இறந்தார்கள், அங்கும் சுவர்தான். இடிந்த சுவரின் படம், பக்கத்தில் "17 உயிர். ஒரு சுவர்." போதும், விரல் நிற்கும். 'பரியேறும் பெருமாள்' படத்தின் கடைசிக் காட்சியில் மாரி செல்வராஜ் இரண்டு டீ கிளாஸையும் ஒரு பூவையும்தான் காட்டினார். அதைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை.

அடுத்து, கோரிக்கையைச் சட்டத்தின் எண்ணோடு எழுதுங்கள். வன்கொடுமை வழக்கில் 60 நாளுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. "60 நாள் முடிந்தது. குற்றப்பத்திரிகை எங்கே?" என்று எழுதுங்கள். மலக்குழி மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழியிலிருந்து உடலைக் கயிறு கட்டி இழுக்கும் படம் வேண்டாம். திறந்து கிடக்கும் மூடி ஒன்று, "30 லட்சம் எங்கே?" என்ற வரி ஒன்று. ஆட்சியருக்கு உறைக்கும்.

மனித முகம் வேண்டும் என்றால், பேசுகிற முகத்தை வையுங்கள். மனு கொடுக்கிற கை, ஒலிவாங்கி முன்னால் நிற்கிற அக்கா, நீதிமன்றப் படியேறுகிற தந்தை. கண்கள் கேமராவைப் பார்க்கட்டும். அழுகையைப் போலவே நேருக்கு நேர் பார்க்கிற கண்ணும் விரலை நிறுத்தும்.

இப்போது தொழில்நுட்பம். அளவு 1280க்கு 720. ஆனால் பெரும்பாலோர் பார்ப்பது செல்போனில், அதுவும் பெருவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. எனவே செய்து முடித்ததும் படத்தைச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் சொற்கள் அதிகம். நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத் தம்ப்நெயிலின் அளவுக் கணக்கு நமக்கு ஒத்துவராது. மெல்லிய எழுத்துருவில் புள்ளியும் சுழியும் காணாமல் போய்விடும். பாலூ தம்பி, முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான் போன்ற எழுத்துருக்கள் இலவசம், தடித்த வடிவிலும் கிடைக்கின்றன. சில மென்பொருளில் தமிழைத் தட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும், உயிர்மெய் உடையும். வெளியிடும் முன் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். "நீதி" என்ற சொல் உடைந்து கிடக்கிற தம்ப்நெயிலை எதிரி சிரித்துக்கொண்டே பகிர்வான்.

வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் வந்து உட்காரும். அங்கே எதையும் எழுதாதீர்கள். எல்லோரும் மஞ்சளும் சிவப்பும் அடிக்கிற வரிசையில் நம் நீலம் தனித்துத் தெரியும். அடர் நீலத்தில் வெள்ளை எழுத்து நன்றாகப் படிக்கும். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரே மாதிரி எழுத்து, ஒரே இடத்தில் சின்னம் என்று வைத்தால், பெயரைப் படிக்கும் முன்பே இது நம் சேனல் என்று மக்களுக்குத் தெரியும்.

சம்மதம் ஒரு நாள் வேலை இல்லை

துக்க வீட்டில் கேமராவை நீட்டி "போட்டுக்கலாமாம்மா?" என்றால், அவர்கள் தலையாட்டுவார்கள். வந்தவரை வருத்தப்படவைக்கக் கூடாது என்பதற்காகவே தலையாட்டுவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படத்தைச் செய்து முடித்து, அவர்கள் போனுக்கு அனுப்பி, "இப்படித்தான் வரப்போகிறது, சரியா?" என்று கேட்பதுதான் சம்மதம். ஒரு மாதம் கழித்து "எடுத்துடுங்க தம்பி" என்றால் எடுத்துவிட வேண்டும். வீடியோவைத் தொடாமல் தம்ப்நெயிலை மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்ற முடியும். எனவே முடியாது என்று சொல்லச் சாக்கு இல்லை.

சாதனைச் செய்திகளிலும் இதே கவனம் வேண்டும். நம் பிள்ளை ஒருத்தி மருத்துவக் கல்லூரியில் இடம் பிடிக்கிறாள். தம்ப்நெயிலில் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் துடைப்பத்தோடு அப்பா, பின்னால் ஓட்டைக் குடிசை. போடுகிறவருக்கு அது பாராட்டு. அவள் விடுதி அறையில் அந்தப் படம் கைமாறும்போது என்ன ஆகும்? சொல்லத் தயாராகும் முன்பே அவள் சாதியை நாம் அறிவித்துவிட்டோம். அப்பாவின் உழைப்பில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அதை எப்போது, எங்கே, யாரிடம் சொல்வது என்பது அவள் உரிமை.

வியூஸ் வராவிட்டால்?

இப்படியெல்லாம் செய்தால் பார்வை குறையும் என்றால், ஆம், சில நாள் குறையலாம். ஆனால் அதிர்ச்சிப் படத்தைப் பார்த்து உள்ளே வருகிறவர் அதிர்ச்சியைத் தேடி வருகிறார். பத்து நிமிடச் சட்ட விளக்கத்தை அவர் கேட்கப்போவதில்லை. சில நொடியில் வெளியேறுவார். யூடியூபும் கிளிக்கை மட்டும் எண்ணுவதில்லை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதையும் கணக்கில் எடுக்கிறது. ரத்தமும் சிதைந்த உடலுமாக அதிரவைக்கும் தம்ப்நெயில்களை அதன் விதிகளே அனுமதிப்பதில்லை. படத்துக்கும் வீடியோவுக்கும் சம்பந்தமில்லாத ஏமாற்று முகப்புகள் மேல் இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்கப்போவதாக 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. சாதிப் பெருமை பேசுகிற சேனல்கள் நம் வீடியோக்கள் மேல் புகார் கொடுக்கக் காத்திருக்கும்போது, நாமே ஏன் காரணம் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. நம் வீடியோவைப் பார்த்து எத்தனை பேர் அந்த வழக்கின் அடுத்த வாய்தாவுக்கு வந்து நின்றார்கள்? எத்தனை பேர் ஆட்சியருக்கு மனு எழுதினார்கள்? அழுகிற முகத்தைப் பார்த்தவர் "ஐயோ பாவம்" என்று தள்ளிவிட்டுப் போகிறார். கோரிக்கையைப் பார்த்தவருக்குத்தான் தான் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறது. நமக்குத் தேவை அந்த இரண்டாவது ஆள்.

அடுத்த வீடியோவைப் பதிவேற்றும் முன் குழுவில் ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்தத் தம்ப்நெயிலில் இருக்கும் குடும்பத்தின் பிள்ளை, நாளைக்கு வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரன் போனில் இதைப் பார்த்தால், தலை நிமிர்ந்து உட்கார முடியுமா? முடியும் என்றால் போடுங்கள். தயக்கம் இருந்தால் அன்றைக்குப் போடாதீர்கள். இன்னொரு மணி நேரம் உட்கார்ந்து வேறு படம் செய்யுங்கள். செய்ததை அந்தக் குடும்பத்துக்கு அனுப்பிக் காட்டிவிட்டுப் பிறகு ஊருக்குக் காட்டுவோம்.

ஜெய் பீம்.